எங்கள் சுவரில் ஒளியின் வேகம்

எங்கள் பாடசாலையில் ஒளி மணித்தியாலத்துக்கு 299,792 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அதைவிட மூவாயிரத்து அறுநூறு மடங்கு வேகத்தில் போனது. தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் பாடசாலைக்கு எதுவுமே மெதுவாகத்தான் வந்து சேரும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். பாடப்புத்தகம் அப்படித்தான் வரும், மேசை நாற்காலி அப்படித்தான் வரும், கணித ஆசிரியர் இன்னும் வரவேயில்லை. ஒளியையும் நாங்கள் அந்த வரிசையில் சேர்த்துவிட்டோம் என்பது, திறப்பு விழாவன்று திரைச்சீலை விலகியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கல்யாணமாகி ஹாலிஎலவில் குடியேறி, தினமும் பஸ்ஸில் வந்து, மிச்சத் தூரத்தை நடந்து ஏறுகிறவள். கணித ஆசிரியர் இல்லாததால் தரம் பத்துக்குக் கணிதமும் என் தலையில்தான்.

எங்கள் அதிபர் தமிழ் படிப்பித்து வந்தவர். மேடையில் ஏறினால் ஒலிவாங்கி தேவைப்படாத குரல். ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம் வேண்டும் என்று அவர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடந்த நடையில் இரண்டு சோடிச் செருப்பாவது தேய்ந்திருக்கும். அவருக்கும் விஞ்ஞானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் ஒன்று இருந்தது, எங்களிடம் இல்லை. அந்த ஒரு காரணம் அவருக்குப் போதுமாக இருந்தது. கடைசியில் கட்டடம் வந்தது. நல்ல கட்டடம். கை கழுவ வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளியாக மின்னும் குழாய். குழாய்க்குத் தண்ணீர் வரும் வழி மட்டும் திட்டத்தில் விடுபட்டிருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்திய வாரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். ஆய்வுகூடத்தின் முன்சுவரில், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வெள்ளையாக ஓர் இடம் இருந்தது.

"டீச்சர், இந்த எடம் மொட்டையா இருக்கு. பிரதம விருந்தினர் வந்து நின்னா நேரா இதைத்தான் பாப்பாரு. சயன்ஸ்ல பெருசா எதாவது சொல்லுங்க, எழுதிப்புடுவோம்."

நான் மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையைச் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து படத்தையும் காட்டினேன். அவர் அதை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கட்டங் கட்டமா இருக்கு. தூரத்துல நின்னு பாத்தா கம்பி ஜன்னல் மாதிரி தெரியும். வேற?"

"ஒளியோட வேகத்த எழுதலாம் சேர்."

அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது. ஒளி என்றதுமே அவர் முகம் மலர்ந்தது. தமிழாசிரியர்களுக்கு ஒளி என்றால் அறிவு, வேகம் என்றால் முன்னேற்றம். இரண்டும் ஒரே வரியில் கிடைப்பது லேசான காரியமில்லை.

"எவ்வளவு?"

"செக்கனுக்கு இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றேழு லட்சத்துச் சொச்சம் மீற்றர்."

"மீட்டர்ல துணிதானே டீச்சர் அளப்பாங்க. பஸ்ஸுல, லொறியில என்னா போட்டிருக்கு? மணிக்கு இத்தன கிலோமீட்டர்னுதான போட்டிருக்கு. சனங்களுக்கு அதுதான் வெளங்கும்."

அதுவும் நியாயந்தான். மாற்றித் தருவதாகச் சொன்னேன். அலுவலகத்தில் இருந்த கல்குலேட்டரில் எட்டு இலக்கங்களுக்கு மேல் இடமில்லை. விடைக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு E எழுத்தைக் காட்டிவிட்டு அது நின்றுவிட்டது. தாளை எடுத்து 3.6ஆல் கையால் பெருக்கினேன். மணித்தியாலத்துக்கு 1,079,252,848.8 கிலோமீற்றர்.

"நூத்தியேழு கோடி!" என்றார் அதிபர். தன் சொந்தப் பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்த செய்தி கேட்டதுபோல இருந்தது அவர் குரல். "இது! இதத்தான் போடணும்."

அடுத்த நாள் எழுத வேண்டியவர் வந்தார். பதுளை டவுனில் பஸ்களுக்கும் கடைப் பலகைகளுக்கும் பெயர் எழுதுகிற சிங்களவர். கைவேலைக்காரர்களைச் சிங்களத்தில் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரைப் பாஸ் என்றே கூப்பிட்டார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் தமிழெழுத்தை அவர் அளவுக்கு அழகாக எழுதுகிறவர் எங்கள் பக்கத்தில் இல்லை. தாளில் இருப்பதைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்து அப்படியே சுவரில் இறக்குவார். அவர் நாடாவை எடுத்து கதவிலிருந்து ஜன்னல் வரை அளந்தார். பிறகு என் தாளைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"நம்பர் ரொம்ப நீளம், மிஸ். இடம் மதி." மதி என்றால் சிங்களத்தில் போதாது.

"சின்னதா எழுதுங்க பாஸ்," என்றார் அதிபர்.

"சின்னதா எழுதினா மருந்துப் போத்தல் லேபல் மாதிரி வரும். கிட்ட வந்து கண்ணாடி போட்டுத்தான் பாக்கணும்."

அதிபருக்கு அது ஒத்துவராது. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இத கொஞ்சம் கட்டையா சொல்ல முடியாதா? வேற அளவு எதாவது?"

இயற்கையின் மாறிலி ஒன்றை ஒரு கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் அடக்கும் வேலை எனக்கு வரும் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நான் மைலுக்கு மாற்றினேன். மணித்தியாலத்துக்கு அறுபத்தேழு கோடி மைல். ஓர் இலக்கம் குறைந்தது, பாஸ் தலையை ஆட்டினார். கப்பல்காரர்களின் கணக்கில் மாற்றினேன். ஐம்பத்தெட்டுக் கோடி. "கப்பலுக்கும் நமக்கும் என்னா டீச்சர் சம்பந்தம்," என்று அதிபரே அதைத் தள்ளிவிட்டார். கடைசியில் மணித்தியாலத்தை விட்டுவிட்டுச் செக்கனுக்கே திரும்பி, மீற்றரைக் கிலோமீற்றராக்கினேன். 299,792. ஆறே இலக்கம். பாஸ் விரலால் காற்றில் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹரி, சரி. இது அடங்கும்."

அதிபர் கொஞ்சம் வாடித்தான் போனார். நூற்றேழு கோடியிலிருந்து மூன்று லட்சத்துக்கு இறங்குவது யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். "வேகம் ஒண்ணுதான் சேர், சொல்ற விதந்தான் வேற," என்றேன். அவர் அதை ஓர் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நான் தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்: ஒளியின் வேகம் செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை பாஸ் எழுதும்போது அதிபர் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

திறப்பு விழாவன்று காலையிலிருந்தே தூறல். பிள்ளைகள் மாலையும் கையுமாகப் பாதையோரத்தில் நின்றார்கள். பிரதம விருந்தினர் அரசியல்வாதி என்பதால் அவர் வரும் நேரத்தை எந்த அளவிலும் மாற்றிச் சொல்ல முடியாது. வந்தார். தவில் அடித்தார்கள். நாடாவை வெட்டினார். பிறகு அதிபர் ஒரு கயிற்றை அவர் கையில் கொடுக்க, அவர் இழுக்க, சுவரை மூடியிருந்த நீலச் சீலை விழுந்தது.

எழுத்து அழகு என்றால் அவ்வளவு அழகு. மஞ்சள் எழுத்து, ஓரத்தில் சிவப்பு நிழல். ஒளியின் வேகம் மணித்தியாலத்துக்கு 299,792 கிலோமீற்றர்.

நான் மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் மணித்தியாலம் மணித்தியாலமாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற சித்திர ஆசிரியை, "ஏன் டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று என் கையைப் பிடித்தார்.

பிரதம விருந்தினர் தமிழர், வாசிக்கத் தெரிந்தவர். அதுதான் வினையாகிவிட்டது. ஒலிவாங்கியைப் பிடித்து அந்த வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தான் வந்த வாகனம் இந்தத் தோட்டத்துப் பாதையில் மணிக்குப் பத்து கிலோமீற்றர்கூடப் போகவில்லை என்றார். பாதை சீக்கிரம் போடப்படும் என்றார். "அதுக்கப்புறம் இந்த மக்களோட முன்னேற்றம் இதோ, இந்தச் செவுத்துல இருக்கே, இந்த வேகத்துல போகும்!" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதிபர்தான் எல்லாருக்கும் முந்தித் தட்டினார்.

பிற்பாடு அலுவலகத்தில் தேநீரும் ரோல்ஸும் வைத்திருந்தார்கள். விருந்தினர் கூட்டம் கலையும்வரை காத்திருந்து அதிபரிடம் போனேன். அன்று அவர் இருந்த சந்தோசத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லைதான். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் தினமும் வகுப்புக்குப் போக வேண்டும்.

"சேர், தாள்ல செக்கனுக்குன்னு எழுதித் தந்தேன். செவுத்துல மணித்தியாலத்துக்குன்னு வந்திருக்கு."

அவர் ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலை அவ்வளவு தாழ்த்த முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"நான்தான் மாத்தினேன் டீச்சர். அவசரத்துல நீங்க செக்கன்னு எழுதிட்டீங்க. பாஸ் சோக்கால கோடு போட்டப்பதான் கவனிச்சேன். யாருகிட்டயும் சொல்லல. பெரிய சபையில உங்களுக்கு ஒரு தலகுனிவு வந்துறக்கூடாதுல்ல?"

அவர் முகத்தில் இருந்தது கருணை. என்னை ஓர் அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதி. கோபப்படலாம் என்று போன எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே வைத்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"இல்ல சேர். செக்கனுக்குத்தான். நெசமாவே ஒரு செக்கனுக்கு."

"ஒரு செக்கனுக்கு மூணு லட்சம் கிலோமீட்டரா?" அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். "கொஞ்சம் நிதானமா யோசிங்க டீச்சர். இங்கருந்து கொழும்பு எவ்வளவு? ரயில்ல காலையில ஏறினா பொழுது சாயுறப்பதான் எறங்குறோம். செவுத்துல போட்டிருக்கற வேகத்துல போனா எவ்வளவு நேரம்?"

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். "மூணு நாலு செக்கன் ஆகும்."

"போதாதா? அதுக்கு மேல எதுக்கு அவசரம்?"

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் செய்த தவறு சாதாரண மனிதர் யாரும் செய்யக்கூடியது. உண்மையான எண்ணைக் கேட்டு, அதெப்படி முடியும் என்று மறுத்தவர் எங்கள் பாடசாலையில் அவர் ஒருவர்தான். நான் முதன்முதலில் அதை வகுப்பில் கேட்டபோது மறுக்கவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

வேறு வழியில் போனேன். "சேர், சூரியன்லருந்து நமக்கு வெளிச்சம் வர எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். செவுத்துல உள்ள வேகத்துல வந்தா மூணு வாரம் ஆகும். இன்னைக்கு அடிக்கற வெயிலு மூணு வாரத்துக்கு முந்திப் பொறப்பட்டதா இருக்கணும்."

அதிபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலையை மறைத்துக்கொண்டு மழை இறங்கியிருந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து நாங்கள் யாரும் துணி காயப்போட்டுக் காய்ந்து பார்க்கவில்லை.

"சரியாத்தான் டீச்சர் இருக்கு. மூணு வாரமா எங்க வெயிலு வந்துச்சு?"

தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வகுப்பில் சரியாகத்தான் படிப்பித்தேன். சுவரில் இருப்பது பிழை, புத்தகத்தில் இருப்பது சரி என்று இரண்டு தடவை சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஆனால் புத்தகத்தில் அது பொடி எழுத்தில் கறுப்பு மையில் இருந்தது. சுவரில் அது மஞ்சளில், சிவப்பு நிழலோடு, பெரிய மனிதர் வாசித்து, கைதட்டல் வாங்கி நின்றது. தவணைப் பரீட்சையில் ஒளியின் வேகத்தை அலகோடு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தேன். ஏறக்குறைய வகுப்பே மணித்தியாலத்துக்கு என்று எழுதியிருந்தது. அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. பாஸின் எழுத்தைத் தினமும் பார்த்ததில் கையெழுத்துக்கூடத் திருந்தியிருந்தது.

நான் பிழை போட்டேன். சில நாள் கழித்து ஒரு தாய் வந்தார். கொழுந்து பறிக்கிற பெண், அரை நாள் லீவு எடுத்து வந்திருந்தார். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல சேலை கட்டி வந்திருந்தார். மகள் வகுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிறவள்.

"டீச்சர், எம்மக எழுதினது தப்புன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. செக்கனுக்குன்னு எழுதியிருக்கணும்."

"செவுத்துல மணித்தியாலத்துக்குன்னுதான இருக்கு?"

"செவுத்துல இருக்கறது பிழைங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிழைய எழுதி வெச்சு, பெரிய ஆள கூப்பிட்டுத் தொறந்து, தவிலும் அடிச்சு, அதுக்கப்புறம் அதப் படிச்ச புள்ளைக்குப் பிழையா? இது என்னாங்க ஞாயம்?"

கூடத்தில் நின்றிருந்த சித்திர ஆசிரியை மெல்ல நழுவிவிட்டார். நான் தவறை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப செவுத்துக்கு யாருங்க பிழை போடறது?" என்றார்.

நான் அந்தக் கேள்வியை அப்படியே அதிபரிடம் கொண்டுபோனேன். அவர் நெற்றியைத் தடவினார். இதற்குள் அவருக்கே ஒரு சந்தேகம் உள்ளே புகுந்திருக்க வேண்டும், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது அவர் மேசையில் பத்திரிகை மடித்துக் கிடந்தது, விளையாட்டுப் பக்கம் மேலே தெரிந்தது. அவர் கிரிக்கெட் பைத்தியம் என்பது பாடசாலைக்கே தெரியும்.

"சேர், உங்க வீட்ல டிஷ் அன்டனாலதான மெச் பாக்குறீங்க?"

"ஆமா."

"அது மேல இருக்கற செய்மதிலருந்து வருது. மைதானத்துலருந்து மேல போயி, திரும்பக் கீழ உங்க வீட்டுக்கு வரணும். போக வர எழுவதாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அதுவும் ஒளியோட வேகத்துலதான் வரும். செவுத்துல உள்ள வேகம் சரின்னா, விக்கெட் விழுந்து கால்மணி நேரங் கழிச்சுத்தான் உங்களுக்குத் தெரியணும். மூணு ஓவர் பிந்தி."

அவர் கண் சுருங்கியது. சூரியனைப் பற்றிச் சொன்னபோது வராத கவனம் அது.

அந்த வாரக் கடைசியில் கொழும்பில் ஒரு மெச். அவருடைய மருமகன் அங்கே வேலை செய்கிறவர், மைதானத்துக்கே போயிருந்தார். திங்கட்கிழமை காலை நான் கையொப்பமிடப் போனபோது அதிபர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"மாப்பிள்ளைய போன்லயே இருக்கச் சொன்னேன் டீச்சர். விக்கெட் விழுந்தா ஒடனே கத்தணும்னு. அவரு 'அவுட்'னு கத்துறாரு. நான் 'யாரு'ன்னு கேட்டு வாய மூடல, டிவியில ஸ்டம்ப் பறக்குது." அவர் கையை விரித்தார். "கால்மணி நேரம் எங்க போச்சு?"

"இல்லவே இல்ல சேர்."

"மூணு விக்கெட்டுக்கும் பாத்தேன். மூணும் அப்படித்தான். கடைசியில அவரு, 'மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே'ன்னு கேக்குறாரு."

என் தொழில் வாழ்க்கையில் நான் கண்ட சுத்தமான பரிசோதனை அதுதான். எங்கள் ஆய்வுகூடத்தில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. தண்ணீர் இல்லாததால் எதுவுமே நடந்ததில்லை.

அதிபர் குனிந்து மேசையைப் பார்த்தார். வெட்கப்படுகிறாரோ என்று நினைத்தேன். அது வெட்கமில்லை. "ஒரு செக்கனுக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "நம்ம செவுத்துல நாலு மாசமா அத நொண்ட வெச்சிருக்கோம் டீச்சர்," என்றார். அந்த எண்ணுக்காக ஒருவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உடனே மாற்றிவிடுவோம் என்று வலயத்துக்குப் போனார். அங்கே போனபோதுதான் ஒளியின் வேகத்தை விட மாற்றக் கடினமானது அதை எழுதிய சுவர் என்று தெரிந்தது. பிரதம விருந்தினர் திறந்து வைத்த ஒன்றைத் திருத்துவதென்றால், அவர் திறந்து வைத்தது பிழை என்று ஆகிவிடும். அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்குத் தெரிவிப்பது யார்? ஒருவரும் முன்வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆசிரிய ஆலோசகரை அனுப்பினார்கள். அவர் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு சுவரின் முன்னால் நின்றார்.

"எழுத்து நல்லா இருக்கு," என்றார். "பிழைதான். ஆனா சொல்ல மாத்தாதீங்க. நம்பர மாத்துங்க. மணித்தியாலத்துக்கு நூத்தியேழு கோடின்னு போட்டா அலகு அப்படியே நிக்கும், திருத்தின மாதிரியும் தெரியாது."

"எடம் மதி சேர்," என்றார் எங்கள் அதிபர், சிங்களத்தையும் தமிழையும் ஒன்றாகக் கலந்து.

ஆலோசகர் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, இது பற்றி மேலிடத்தில் பேசுவதாகச் சொல்லிப் போனார். பேசினாரா என்று இன்றுவரை தெரியாது.

வழி கண்டுபிடித்தவர் அதிபர்தான். இலக்கணம் படித்தவர் அல்லவா, சொற்களில் உள்ள சந்து பொந்தெல்லாம் அவருக்குத் தெரியும். திருத்தம் என்றால் அனுமதி வேண்டும். பராமரிப்பு என்றால் வேண்டாம். அதிபர் தாமாகவே செய்யலாம். மழையில் சுவரில் பாசி பிடித்தால் சுரண்டிவிட்டு மீண்டும் பெயின்ட் அடிக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

"பாசி புடிச்சிருக்கு டீச்சர்," என்றார் ஒரு நாள் என்னைச் சுவரின் முன் நிறுத்தி.

நான் பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருந்தது.

"எங்க சேர்?"

"மணித்தியாலத்துமேல."

விடுமுறையில் பாஸ் மறுபடி வந்தார். மணித்தியாலத்தின் மேல் மட்டும் படிந்திருந்த அந்தப் பாசியை அவர் வெகு கவனமாகச் சுரண்டினார். பக்கத்து எழுத்துகளில் ஒரு துளிகூடப் படவில்லை. அதிபர் இந்தத் தடவை கதிரையில் உட்காரவில்லை, என்னையும் வரச்சொல்லிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். 'செக்கனுக்கு' என்ற சொல் சின்னதாக இருந்ததால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. பாஸ் இரண்டு தாமரை போட்டுத் தருவதாகச் சொன்னார். அதிபர் யோசித்து, ஒன்றுக்குச் சம்மதித்தார். எழுதி முடித்ததும் அவர் அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். மேடைக் குரலில் இல்லை, தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல.

பாடசாலை தொடங்கி ஒரு வாரம் இருக்கும். பஸ் ஏற நின்றபோது, தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன் எழுந்து வந்தார்.

"டீச்சர், லைட்டோட ஸ்பீட கூட்டிட்டாங்களாமே? புள்ளைங்க சொல்லுதுக."

"கூட்டலைங்க. முந்தி பிழையா எழுதியிருந்தாங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் அவர், உள்ளேயிருந்த நண்பர்களைத் திரும்பிப் பார்த்து. "எல்லாந்தான் கூடுது. இது மட்டும் சும்மா இருக்குமா?" கடைக்குள் எல்லாரும் ஆமோதித்தார்கள். பஸ் வந்துவிட்டதால் நான் விளக்கவில்லை. பஸ் வராவிட்டாலும் விளக்கியிருப்பேனா என்று சந்தேகந்தான்.

அடுத்த தவணையில் கேள்வியை மாற்றினேன். செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர் என்று கேள்வியிலேயே கொடுத்துவிட்டு, அதை மணித்தியாலத்துக்கு மாற்றச் சொன்னேன். சுவரைப் பார்த்து எழுத வழியில்லை. வகுப்பில் பாதிப் பேர் ஒன்றும் எழுதவில்லை. சிலர் பெருக்குவதற்குப் பதில் வகுத்து, ஒளியைப் பஸ் வேகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னர் சண்டை போட வந்த அந்தத் தாயின் மகள், 3600ஆல் வரி வரியாகப் பெருக்கி, 1,079,251,200 என்று விடை போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். முழுப் புள்ளியும் போட்டேன்.

தாய் மறுபடி வந்தார். அதே நல்ல சேலை. கையில் மகளின் விடைத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. போன தடவ நான் சண்டை போட்டதுக்குப் பயந்து மார்க்ஸ் போட்டீங்களா?"

"இல்லீங்களே. ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"செவுத்துல இருக்கறது வேற, இவ எழுதியிருக்கறது வேற. நானே வாசலுல நின்னு ஒவ்வொரு எழுத்தாப் பாத்துட்டுத்தான் வாறேன். எங்களுக்கு எரக்கப்பட்டு மார்க்ஸ் வேணாங்க."

அவரை உட்கார வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை செக்கன் என்பதிலிருந்து தொடங்கி, மகள் செய்த கணக்கை வரி வரியாகக் காட்டினேன். அவர் விரலை அந்த எண்களின்மேல் வைத்து, என்னோடு கூடவே இறங்கி வந்தார்.

"இது பூரா அவளா போட்டதா?"

"ஆமாங்க. வகுப்புல ரெண்டு பேருக்குத்தான் சரி வந்துச்சு."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஒரு பெருமை வந்து, அதை அவர் அடக்கிக்கொள்வது தெரிந்தது. எழுந்து கதவுவரை போனவர் நின்றார்.

"அப்ப இதுவும் அதே வேகந்தான். செவுத்துல உள்ளதும் அதே வேகந்தான்."

"ஆமாங்க. ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா எதுக்குங்க ரெண்டு விதமா சொல்லி இந்தப் புள்ளைங்கள வதைக்கறீங்க?"

பாடத்திட்டத்தில் இருக்கிறது என்றேன். அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆட்டோ காத்திருக்கிறது, மத்தியான வேலைக்குப் பேர் கொடுக்கும் இரண்டாம் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, படிகளில் இறங்கிப் போனார்.